இன்னாசி கொரேராவின் முட்டி

மாலை ஏழு மணி ஆனதும் டாக்டர் கோமதிநாயகத்துக்கு வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. முட்டி அவருடையதுதான். வலிதான் வேறொருவருடையது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பவழத்துறை கடற்கரைத் தெருவில் குடியிருக்கும் சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் இன்னாசி கொரேராவுக்குச் சொந்தமான வலி அது.

எலும்பு முறிவு வார்டில் ஒரு நோயாளியின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "ஸ்ஸ்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாவுக்கட்டு நோயாளி பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே டாக்டர்" என்றார்.

ஸ்டாஃப் நர்ஸ் பேச்சித்தாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆரம்பிச்சிட்டாரா ஸார் உங்காளு? கரெக்டா மணி ஏழு. நம்ம வார்டு கடிகாரந்தான் ரெண்டு நிமிசம் பிந்துது போல."

"ஸ்டூலை எடுங்க சிஸ்டர்."

ஸ்டூல் ஏற்கெனவே வந்துவிட்டது. நான்கு மாதமாகத் தினமும் நடக்கிற கூத்து இது. இருபத்தைந்து நிமிடம் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வார்டைப் பார்ப்பார். பேச்சித்தாய் ஸ்டூலைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போவாள்.

இந்தக் கூத்துக்குக் காரணம் மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த ஒரு விதி. முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோனால், உடம்பில் வேறோர் இடத்திலிருந்து ஒரு நார்த்துண்டை எடுத்து, தொடை எலும்பில் ஒரு துளை, கால் எலும்பில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக இழுத்து முடுக்கிவிட வேண்டும். கேட்க எளிது. துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் முட்டி ஒரு வருடத்தில் ஆட ஆரம்பித்துவிடும். புதுக் கைகள் போட்ட துளைகள் அடிக்கடி தள்ளிப்போயின. ஆனால் முட்டி ஆடத் தொடங்கும் நேரத்தில் துளை போட்ட டாக்டர் மாற்றலாகி வேறு ஊரில் நிம்மதியாக இருப்பார். செய்தவனுக்கே தெரியட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கவுன்சிலில் எழுந்து சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது செரிக்கவில்லையோ என்னவோ.

அதன்படி, இளம் டாக்டர் தனியாகச் செய்யும் முதல் தசைநார் அறுவையில், நோயாளியின் முட்டிக்குள் அரிசிமணி அளவு கருவி ஒன்றை வைப்பார்கள். டாக்டரின் முட்டியில் ஒரு பட்டையைப் பூட்டுவார்கள். அங்கே இழுத்தால் இங்கே இழுக்கும், அங்கே வலித்தால் இங்கே வலிக்கும். ஆறு மாதம் கழித்து இருவரும் தேர்வாளர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். முட்டி தேறினால் டாக்டருக்கு லைசென்ஸ், பட்டைக்கு விடுதலை. நடுவில் கழற்றினால் லைசென்ஸை மறந்துவிட வேண்டியதுதான். கவுன்சில் இதற்கு 'இணைமூட்டுப் பயிற்சித் திட்டம்' என்று பெயர் வைத்தது. ஆஸ்பத்திரிகளில் இதை முட்டிக் கல்யாணம் என்றார்கள்.

கல்யாணம் என்று வந்தபின் பொருத்தம் பார்க்காமல் இருப்பார்களா? இளம் டாக்டர்கள் பார்த்தார்கள். கபடி ஆடுகிறவன் என்றால் செவ்வாய் தோஷம். மூட்டை தூக்குகிறவர் என்றால் மூல நட்சத்திரம். "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவிடுவார்கள். விதி யாருக்காக வந்ததோ அவர்கள் எல்லோரும் காத்திருப்போர் பட்டியலில் நொண்டிக்கொண்டிருக்க, நூலகர்களுக்கும் ஜோசியர்களுக்கும் முதல் வாரத்திலேயே அறுவை நடந்தது. கோமதிநாயகமும் இதில் உத்தமர் இல்லை. ஐந்து பேரைத் தட்டிக்கழித்தார். ஆறாவதாக இன்னாசி கொரேரா வந்தார்.

வயது நாற்பத்தொன்று. பஸ் படியில் வழுக்கி விழுந்து தசைநார் அறுந்தது. காலையிலிருந்து மாலை வரை நாற்காலி.

"ஓடுவீங்களா?"

"எதுக்கு டாக்டர் ஓடணும்?"

"மாடிப்படி?"

"ஆபீஸ் தரைத்தளம். வீடு ஓட்டு வீடு."

"விளையாட்டு?"

"கேரம் போர்டு. அதுவும் விட்டாச்சு."

கோமதிநாயகத்துக்குக் கண்ணில் நீர் வராத குறை. பத்துப் பொருத்தமும் அமைந்த வரன்.

நார்த்துண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அவர் ஒரு கணக்குப் போட்டார். தொடையின் பின்பக்கம் எடுக்கலாம். அதை இறுக்கமாகக் கட்ட நல்ல பழக்கம் வேண்டும், புதுக் கைக்கு நான்கு மில்லி, ஐந்து மில்லி தொளதொளத்துவிடும். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கலாம். எலும்பும் எலும்பும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், ஆறாம் மாத அளவில் முட்டி கல் மாதிரி நிற்கும். ஒரே குறை, முட்டி போட்டால் முன்பக்கம் வலிக்கும். எழுத்தர் எதற்கு முட்டி போடப் போகிறார்? கோமதிநாயகம் கேட்கவில்லை. சில்லுக்குக் கீழேயே எடுத்துவிட்டார்.

முதல் இரண்டு மாதம் தேனிலவுதான். இன்னாசி சொன்ன பேச்சைக் கேட்டார், சொன்ன பயிற்சியைச் செய்தார். மூன்றாம் மாதம் கால் நன்றாக மடங்க ஆரம்பித்த அன்று மாலை ஏழு மணிக்கு டாக்டரின் முட்டியில் யாரோ கொட்டாங்கச்சியை வைத்து அழுத்துவது போல இருந்தது. ஏழு இருபத்தைந்துக்கு நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்கே போய்விட்டார்.

வீட்டில் ஒரு மாதா படம், அதன்முன் இரண்டு மெழுகுவர்த்தி, வெறும் சிமெண்டுத் தரை. தரையில் இன்னாசி கொரேரா முட்டி போட்டு, கண்ணை மூடி, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் வாசலிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை அவ்வளவு நீளமானது என்று சங்கரன்கோயில் சைவ வீட்டில் பிறந்த அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாங்க டாக்டர், வாங்க. ஏ பிலோமி, டாக்டருக்கு நாற்காலி போடு" என்று இன்னாசி எழுந்தார். எழும்போது முகம் சுளித்ததை உடனே மறைத்துக்கொண்டார்.

"தினமும் முட்டி போடுதீங்களா?"

"ஆமா டாக்டர்."

"வலிக்கலையா?"

"சேச்சே. பஞ்சுல வச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு வலிக்குது இன்னாசி சார்."

இன்னாசி அவருடைய முட்டிப் பட்டையைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார். "நீங்க வேணும்னா அந்த நேரம் ஒரு தைலம் தேச்சுக்கிடுங்களேன்."

"நீங்க உக்காந்து ஜெபிக்கலாம்லா?"

"மாதா முன்னால சம்மணம் போட்டு உக்காரச் சொல்லுதியளா? கல்யாண வீட்டுப் பந்தியா டாக்டர் இது?"

"ஒரு தலையணையாவது போட்டுக்கோங்க."

"தலையணை போட்டா அது வேண்டுதலா?" என்றார் இன்னாசி. அவர் மனைவி பிலோமி காப்பித் தம்ளரை நீட்டியபடி, "நானும் சொல்லிப் பாத்துட்டேன் டாக்டர். கேக்க மாட்டாக" என்றாள். அவளுக்கு ஏதோ தெரியும் என்று பட்டது. சொல்லவில்லை.

பிறகு டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். ஐந்தங்குல நுரைமெத்தை வாங்கிக் கொடுத்தார். இன்னாசி அதில் பூனையைப் படுக்கவைத்தார். 'முட்டி போடக் கூடாது' என்று மருந்துச் சீட்டிலேயே எழுதினார். இன்னாசி அதை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார். இதற்கிடையில் கோமதிநாயகத்துக்குக் கோவில்பட்டியில் பெண் பார்த்தார்கள். மாலை ஆறே முக்காலுக்கு நல்ல நேரம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் காப்பித் தட்டோடு வந்து நிமிர்ந்து பார்த்த வேளை, மாப்பிள்ளை இரண்டு கையாலும் முட்டியைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டருக்கே மூட்டு வாதம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று மறுநாள் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கோபத்தில்தான் அவர் பங்குச் சாமியாரிடமே போனார். ஃபாதர் லியோனுக்கு அறுபது வயதிருக்கும். கோயிலுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஞானஸ்நானச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சைவ டாக்டர் வந்து, தன் நோயாளியை முட்டி போடாமல் ஜெபிக்க அனுமதிக்கும்படி கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இதுக்கு அனுமதியே வேண்டாம் டாக்டர். சுகமில்லாதவங்க படுத்துக்கிட்டே ஜெபிக்கலாம். ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டார். நான் ரெண்டு தடவ இன்னாசிகிட்ட சொல்லியாச்சு."

"வேண்டுதல், நேர்ச்சைங்கிறாரே ஃபாதர். நீங்க அதை மாத்திக் கொடுக்க முடியாதா?"

"முடியும். அவர் வந்து கேக்கணும்லா? கேக்க மாட்டேங்கிறார்." ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க இன்னாசிக்கு முட்டியிலதான ஆபரேஷன் செஞ்சிய?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஆளு ரொம்ப பக்தியா மாறிட்டாரு."

கோமதிநாயகத்துக்கு அதை யோசிக்கும் பொறுமை இல்லை. ஃபாதர் அவருடைய பட்டையைக் குனிந்து பார்த்தார். "இதுலதான் அவர் வலி உங்களுக்கு வருதா? அப்படியே அம்புட்டுமா?"

"இல்ல ஃபாதர். முழு வலியும் கொடுத்தா டாக்டர்கள் சங்கம் கேஸ் போடும்னு குறைச்சிட்டாங்க. நாலில் ஒரு பங்குதான் எனக்கு."

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாலில் ஒரு பங்குக்கு அவர் ஸ்டூல் கேட்கிறார். மிச்சம் மூன்று பங்கையும் சேர்த்து அந்த மனிதர் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொண்டு, பஞ்சு மாதிரி இருக்கிறது என்கிறார். தன் லைசென்ஸுக்கு வசதியான இடத்தில் நார்த்துண்டை எடுத்துவிட்டு, இத்தனை நாளும் தன் முட்டியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஃபாதர் கொடுத்த எலுமிச்சை ஜூஸைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

ஆறாம் மாத முடிவில் தேர்வு. சென்னையிலிருந்து மூன்று தேர்வாளர்கள் வந்தார்கள். தலைவர் டாக்டர் சௌந்தரவல்லி. நாற்பது வருட அனுபவம். சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று மாணவர்கள் சொல்வார்கள். இன்னாசி வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்திருந்தார். பிலோமி முன்கூட்டியே மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

அளவுக் கருவியை மாட்டி முட்டியை இழுத்துப் பார்த்தார்கள். மூன்று மில்லிமீட்டர் வரை ஆடலாம் என்பது விதி. இன்னாசியின் முட்டி ஒரு மில்லிமீட்டர்கூட ஆடவில்லை. நடக்கச் சொன்னார்கள், நடந்தார். படி ஏறச் சொன்னார்கள், ஏறினார். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார்கள். மூன்று முறை கேட்டதற்கு ஐந்து முறை குதித்தார்.

சௌந்தரவல்லி தாளைப் பார்த்தார். "இந்த வருஷத்துல நான் பார்த்த நல்ல முட்டி இதுதான். கடைசிக் கேள்வி, ரெண்டு பேருக்கும். எங்க கருவிக்குத் தெரியாத குறை ஏதாவது இதுல இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார் இன்னாசி, கேள்வி முடியும் முன்பே.

"டாக்டர்?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பட்டை கழன்றுவிடும். கோவில்பட்டிக்காரர்கள் மனம் மாறினாலும் மாறலாம். நோயாளியே குறை இல்லை என்கிறபோது இவர் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

"முட்டி போட்டா வலிக்கும் மேடம். நல்லாவே வலிக்கும்."

"பொய் சொல்லுதாரு மேடம்" என்றார் இன்னாசி.

"நீங்க சும்மா இருங்க." சௌந்தரவல்லி பேனாவைக் கீழே வைத்தார். "சில்லுக்குக் கீழ எடுத்தா அந்த வலி வர்றது தெரிஞ்ச விஷயம்தானே. அது தப்பு இல்லையே டாக்டர்."

"கேக்காம எடுத்தது தப்பு மேடம். முட்டி போடுவீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன்?"

"ஆமான்னு சொல்லிட்டா தொடையில எடுக்கணும். எனக்கு அது சரியா வராது. அளவு தள்ளிப்போயிரும். லைசென்ஸ் கிடைக்காது."

மற்ற இரண்டு தேர்வாளர்களும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் புதுக் கைகளாக இருந்தவர்கள்தான்.

"இதுவரைக்கும் இருபத்தேழு பேர் என் முன்னால நின்னிருக்காங்க" என்றார் சௌந்தரவல்லி. "இருபத்தேழு பேரும் குறையே இல்லைன்னாங்க. எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டேன். இனிமே அது எனக்கு உறுத்தும்." அவர் தாளில் எழுத ஆரம்பித்தார். "நோயாளியை விட்டுட்டுத் தேர்வுக்குத் தகுந்த மாதிரி முறையைத் தேர்ந்தெடுத்தா ஆறு மாசம் நீட்டிப்பு. அதுதான் விதி. நான் மீற முடியாது. அதே பட்டை, அதே நோயாளி. அதுக்குள்ள தொடையில எடுக்கக் கத்துக்கிட்டு வாங்க." பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்க கையால என் முட்டிக்குச் செஞ்சுக்க நான் சம்மதிப்பேன் டாக்டர்" என்றார்.

கோமதிநாயகத்துக்கு லைசென்ஸ் போனது வருத்தம்தான். ஆனாலும் ஃபாதரைப் பார்த்த நாளிலிருந்து நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது போல, கொஞ்சம் நிமிர்ந்தே வெளியே வந்தார்.

வராந்தாவில் இன்னாசி கொரேரா தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிலோமி மிட்டாய்ப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லுதேன்லா டாக்டர். நீங்க ஏன் வாயத் தொறந்தீய?"

"உங்களுக்கு வலிக்குது இன்னாசி சார். அத நான் மறைக்கக் கூடாது. நீங்க ஜெபம் பண்ணுறவர்னு நான் முதல்லயே கேட்டுத் தெரிஞ்சிருக்கணும்."

"கேட்டிருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? நான் என்னைக்கு முட்டி போட்டேன்?"

"என்னது?"

"கோயில்ல கடைசித் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, பிரசங்கம் ஆரம்பிச்சதும் டீக்கடைக்குப் போற ஆளு நான். வேணும்னா பிலோமிகிட்ட கேளுங்க."

பிலோமி தலையாட்டினாள். அது உண்மைதான் என்பது போலவும், அதில் தனக்குப் பெருமை இல்லை என்பது போலவும் இருந்தது.

"அப்ப இந்த நேர்ச்சை?"

இன்னாசி குரலைத் தாழ்த்தினார். "முதுகுல ஊசி போட்டுத்தான ஆபரேஷன் செஞ்சிய? எனக்கு இடுப்புக்குக் கீழதான் டாக்டர் மரத்துப்போச்சு. காது மரக்கல. துளை போடும்போது, 'சிஸ்டர், இது சரியான இடமான்னு நீங்களும் கொஞ்சம் பாருங்க'ன்னு பேச்சித்தாய் சிஸ்டர்கிட்ட கேட்டீய. அவ்வொ, 'இன்னும் ரெண்டு மில்லி பின்னால போங்க ஸார்'னாவ. நான் துணிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு நடுங்கிட்டேன். முட்டி நல்லானாத்தான் உங்களுக்கு லைசென்ஸுன்னு சிஸ்டர் முந்தின நாளே சொல்லியிருந்தாவ. முட்டிக்கு ஒரு மனு, உங்க கைக்கு ஒரு மனுன்னு ரெண்டு எதுக்கு? லைசென்ஸுக்கு வேண்டிக்கிட்டா முட்டி அதுக்குள்ளேயே அடங்கிரும்லா? அதான், கால் மடங்கின நாள்லேர்ந்து, இந்தப் பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைக்கிற நாள் வரைக்கும், தெனம் முட்டி போட்டு அம்பத்து மூணு மணி சொல்லுதேன்னு மாதாகிட்ட நேர்ந்தேன்."

கோமதிநாயகம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னையோட முடிஞ்சிருக்கும் டாக்டர்" என்றார் இன்னாசி. "சாயங்காலம் உங்களுக்கும் எனக்கும் விடுதலைன்னு நெனச்சேன். வலிக்குதுன்னு சொல்லி இன்னும் ஆறு மாசம் கூட்டிட்டு வந்திருக்கிய."

டாக்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேர்வு அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அதை உள்ளேயிருந்து சாத்திவிட்டார்கள். தான் சபித்த இருபத்தைந்து நிமிடம் ஒவ்வொன்றும் தனக்காகவே நடந்திருக்கிறது. தன் கைக்காக இன்னொருவர் தரையில் முட்டியை ஊன்றியிருந்தார்.

"நீங்க உண்மையைச் சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல" என்று இன்னாசி அவரைத் தேற்றும் குரலில் சொன்னார். "நல்ல பிள்ளைதான் நீங்க. அதான் நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நம்ம மனு மேல எடுபடல. அம்பத்து மூணு பத்தல போல. இன்னைலேர்ந்து நூத்தம்பத்து மூணா கூட்டிருதேன். ஒண்ணேகால் மணி நேரம்தான் ஆகும்."

டாக்டர் கோமதிநாயகம், தன் வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு நோயாளியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.